பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள்

வேதபகுதி: மாற்கு 5:21-43



யவீருவின் மகளைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத பெந்தெகொஸ்தே விசுவாசி ஒருவரும் இருக்க முடியாது. "தலீத்தாகூமி" என்ற ஒரு வார்த்தையை வைத்து மூன்று நாள் கன்வென்ஷன் நடத்தின ஊழியக்காரர்களை எனக்குத் தெரியும். நானும் அந்தப் பகுதியிலிருந்து பத்துத் தடவையாவது பேசியிருப்பேன். மரித்துப்போன பிள்ளை எழுந்தாள், நடந்தாள், அல்லேலூயா! அத்தோடு வேதத்தை மூடிவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுவோம். அந்த அதிகாரத்தின் கடைசி வசனமாகிய 43-ஆம் வசனத்தின் பின்பாதியை நான் ஒருநாளும் பிரசங்கித்ததில்லை. வாசித்திருக்கிறேன். ஆனால் நின்று வாசித்ததில்லை.

அதிலே ஆண்டவர் சொல்லுகிறது மிகவும் சாதாரணமான காரியம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மரணத்திலிருந்து எழுப்பினவர், சுற்றி நின்றவர்கள் பிரமித்துப்போய் நிற்கிறபோது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்லுகிறார். மத்தேயு இந்தச் சம்பவத்தை எழுதும்போது இதை விட்டுவிட்டான். மாற்கு எழுதினான். வைத்தியனாகிய லூக்காவும் விடாமல் எழுதி வைத்திருக்கிறான் (லூக்கா 8:55). வைத்தியன் கண்ணுக்கு அது தப்பவில்லை பாருங்கள்.

இந்த அரை வசனத்தை எனக்குப் படிப்பித்தது நம்முடைய சபையிலுள்ள ஒரு ஆறு வயதுக் குழந்தை. அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சபையார் எல்லாருக்கும் யார் என்று தெரியும். அவளுடைய தகப்பனும் தாயும், "எழுதுங்க பாஸ்டர், இன்னொரு வீட்டுக்கு இப்படி நடக்கக் கூடாது" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். இதில் அவர்களைவிட என்னுடைய வெட்கம்தான் அதிகம் வெளியே வரும். வரட்டும்.

அவளுக்கு நாலரை வயது இருக்கும்போது ஆரம்பித்தது. ராத்திரியில் படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடியும் நனைக்க ஆரம்பித்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். நன்றாகச் சாப்பிட்டும் கன்னம் ஒட்டிப்போனது, கவுன் தோளிலிருந்து வழுகியது. பாத்ரூமில் எறும்பு மொய்க்கிறது என்று பாட்டியம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். திருஷ்டி என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது டாக்டர், டைப் 1 சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார்.

நம்மில் அநேகருக்குச் சர்க்கரை வியாதி என்றால் மாத்திரை, நடைப்பயிற்சி, காபியில் சீனி இல்லாமல் குடிப்பது, அவ்வளவுதான். இது வேறே. நம் வயிற்றில் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. அதிலே இன்சுலினைச் சுரக்கிற அணுக்களை, கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் சொந்தச் சேனையே தவறாக அழித்துப்போடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாக ரத்தத்திலேயே நிற்கும், உடம்புக்குள் போகாது. வீடு நிறைய அரிசி மூட்டை இருந்தும் அறைக்குச் சாவி இல்லாமல் பட்டினி கிடக்கிறது போல. மிட்டாய் தின்றதால் வருவதல்ல. தாய் கர்ப்பத்தில் மாம்பழம் தின்றதால் வருவதல்ல. ஒட்டுகிறதும் அல்ல. இன்சுலினை ஊசியாகத்தான் கொடுக்க வேண்டும். வாய் வழியாகக் கொடுத்தால் வயிறு அதை ஜீரணித்துவிடும்.

அப்போது நம்முடைய சபை அந்த வீட்டுக்கு எப்படிப்பட்ட ஆறுதல் சொல்லிற்று தெரியுமா? ஒரு சகோதரி, "வீட்டில ஏதாவது மறைஞ்ச பாவம் இருக்கான்னு ஆராஞ்சு பாருங்க" என்றார்கள். இன்னொருவர், "பொம்பளப் பிள்ளை, வெளியே சொல்லாதீங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்" என்றார். நாலரை வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள், பாவம் இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று. இரண்டும் இல்லை என்று ஆண்டவர் வெட்டிப் பேசிவிட்டார். அவர் மூடின கேள்வியை நாம் எதற்காகத் திறக்கிறோம்? அந்தத் தாய் ஒரு வருஷம் அந்தக் கேள்வியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினதாக என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

இப்போது என்னுடைய பங்குக்கு வருகிறேன்.

ஊசி ஆரம்பித்து இரண்டு மாதம் ஆனபோது பிள்ளையின் சர்க்கரை நன்றாக இறங்கிற்று. டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். பிறகு இன்னும் குறைத்தார். அதே வாரத்தில் பக்கத்து ஊரில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. பிள்ளையை முன்னால் கொண்டுபோனார்கள், ஊழியக்காரர் கைவைத்து ஜெபித்தார், சுகமானாய் என்று அறிக்கை செய்தார். அன்று ராத்திரி சர்க்கரை 110. மறுநாள் ஊசி போடாமல் பார்த்தார்கள், 140. தகப்பன் என் வீட்டுக்கு ஓடி வந்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் சாட்சி சொன்னார். மைக்கைக் கையில் கொடுத்தது நான். "ஊசியைக் குப்பையில போட்டுட்டோம்" என்று அவர் சொன்னபோது முதலாவது கைதட்டினதும் நான்.

அந்த டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். ஊசி ஆரம்பித்த கொஞ்ச நாளில், கணையத்தில் மீந்திருக்கிற அணுக்கள் இளைப்பாறி மறுபடி கொஞ்சம் வேலை செய்யும். சில வாரமோ சில மாதமோ ஊசி குறைவாகவே போதும். இதற்கு ஆங்கிலத்தில் ஹனிமூன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வியாதி போய்விட்டது என்று நினைத்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அது தாய்க்கு ஞாபகம் இருந்தது. ஆனால் சபை முழுவதும் அல்லேலூயா சொன்ன பிறகு ஒரு பெண்பிள்ளை என்ன பேச முடியும்? விரலைக் குத்திச் சோதிப்பதுகூட அவிசுவாசம் என்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். பிறகு வாந்தி. வயிற்று வலி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். சாயங்காலம் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்க ஆரம்பித்தது, ஓடி வந்தவன் வாங்குகிறது போல. வாயில் அழுகின பழவாசனை. கண் செருகிக்கொண்டு போகிறது. அப்போதும் நான் எண்ணெய் பூசி ஜெபித்துக்கொண்டிருந்தேன். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஆட்டோவைக் கை காட்டினார்கள். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டது அந்த அம்மா ஒருவர்தான் என்று இன்றைக்கு நான் சொல்லுவேன்.

சர்க்கரை 500-க்கு மேலே. இன்சுலின் இல்லாததால் உடம்பு கொழுப்பை எரித்து, அதின் அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். கண்ணாடிக்கு வெளியே நானும் தகப்பனும் நின்றோம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கர்த்தர் அந்தப் பிள்ளையைத் திரும்பத் தந்தார். ஊசி வழியாகவும் டிரிப் வழியாகவும் தந்தார்.

பிரியமானவர்களே, நான் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறேன். இன்றைக்கும் வியாதியஸ்தர்மேல் கை வைக்கிறேன். யாத்திராகமம் 15:26-ல் தம்மைப் பரிகாரி என்று வெளிப்படுத்தினவர் மாறவில்லை. ஆனால் ஒரு காரியத்தை நான் வேதத்தில் மறுபடியும் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. எசேக்கியா ராஜாவைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 20). மரண வியாதி. அழுது ஜெபித்தான். குணமாக்குவேன், பதினைந்து வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தருடைய வாக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் 7-ஆம் வசனத்தில் ஏசாயா என்ன செய்யச் சொல்லுகிறான்? அத்திப்பழ அடை கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொல்லுகிறான். வாக்குத்தத்தம் முன்னாலே, பத்து பின்னாலே. வாக்குக் கிடைத்த பிறகு பத்து எதற்கு என்று ராஜா கேட்கவில்லை. அத்திப்பழ அடை வைத்தது அவிசுவாசம் என்றால் தீர்க்கதரிசி அவிசுவாசியா?

உடனே சிலர் இதே மாற்கு 5-ல் பெரும்பாடுள்ள ஸ்திரீயைக் காட்டுவார்கள், வைத்தியர்களுக்குச் செலவழித்தும் பிரயோஜனமில்லை என்று. அந்த வைத்தியர்களால் முடியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. போனது பாவம் என்று ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆசா ராஜாவைக் காட்டுவார்கள் (2 நாளாகமம் 16:12). அவன் கர்த்தரைத் தேடாமல் போனான், அது குற்றம். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள், சீரியாவின் ராஜாவை நம்பினபோதே அவன் இருதயம் விலகிவிட்டது. இரண்டையும் தேடினவன்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை.

ஊசியை நிறுத்திப் பார்க்கலாம், கர்த்தர் காப்பாற்றுகிறாரா என்று பார்ப்போம் என்கிறது எதைப்போல இருக்கிறது? மத்தேயு 4-ல் பிசாசானவன் ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். அவனும் வசனத்தோடுதான் வந்தான். அதிலும் ஒரு வித்தியாசம். நாம் குதிக்கவில்லை. சின்னப் பிள்ளையைத் தள்ளிவிட்டுவிட்டு நாம் மேலே நின்றுகொண்டு விசுவாசத்தைப் பற்றிப் பேசினோம்.

மெய்யாகவே சுகம் கிடைத்தால்? கிடைக்கட்டும், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆண்டவர் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினபோது ஆசாரியனுக்குப் போய்க் காண்பிக்கச் சொன்னார் (லூக்கா 17:14). சோதித்துப் பார்க்கிற ஆளிடம் போகச் சொன்னார். ஆகையால் சுகத்தைத் தினமும் விரலைக் குத்துகிற மீட்டர் காட்டட்டும், டாக்டர் பார்த்து ஊசியைக் குறைக்கட்டும், அவரே நிறுத்தட்டும். அதற்கப்புறம் மைக் தருகிறேன். அதற்கு முன்னால் இந்தச் சபையில் யாரும், வெளியூர் ஊழியக்காரர் யாராயிருந்தாலும், ஒரு பிள்ளையின் இன்சுலினை நிறுத்தச் சொல்லக் கூடாது. மூப்பர்களோடு கூடிப் பேசி இதைத் தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

இந்த இன்சுலின் எப்படி வந்தது என்று பிற்பாடு படித்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வியாதி வந்த பிள்ளைகளுக்கு மருந்து கிடையாது. சாப்பாட்டை ஏறக்குறைய நிறுத்திவிடுவார்கள், பட்டினியால் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடிருக்கும் என்று. பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, எலும்பும் தோலுமாய்ப் பிள்ளைகள் கிடப்பார்கள். கனடா தேசத்தில் டொரொண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் 1921-ல் இதைக் கண்டார்கள். 1922 ஜனவரி 11-ந் தேதி லியோனார்ட் தாம்ப்சன் என்ற பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சுத்தமாக இல்லாததால் சரியாகக் கேட்கவில்லை. காலிப் என்பவர் இன்னும் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை 23-ந் தேதி போட்டபோது பையன் பிழைத்தான். 1935 வரை இருந்தான். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் கர்த்தரை நோக்கிக் கதறின எத்தனை தாய்மாரின் ஜெபத்துக்கு அது பதில் என்று யார் கண்டது? பதில் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது, நாம் அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கைதட்டுகிறோம்.

ஐ.சி.யூ.வோடு என் பாடம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இன்னொன்று நடந்தது.

காலை பத்து மணி ஜெபம் பன்னிரண்டுக்கு முடிய வேண்டியது, அன்றைக்கு ஆவியானவர் அசைவாடுகிறார் என்று ஒன்றரை மணி வரைக்கும் நடத்திக்கொண்டே போனேன். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளை தாய் மடியில் இருந்தாள். காலை ஊசி போட்டாயிற்று, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எல்லாரும் கண்ணை மூடி அந்நிய பாஷையில் ஜெபிக்கிறபோது பிள்ளை நடுங்க ஆரம்பித்தாள். முகமெல்லாம் வேர்வை. ஏதோ உளறுகிறாள். தாய் தண்ணீர் எடுக்க எழுந்துபோன நேரம், கையை உதறிக்கொண்டு, யாரென்று தெரியாததுபோல எல்லாரையும் முறைத்துப் பார்த்தாள். ஒரு சகோதரி, "பாஸ்டர், இங்க வாங்க!" என்றார்கள். நான் ஓடிப்போய்ப் பிள்ளையின் தலையில் கை வைத்து, சத்தமாய் அதட்ட ஆரம்பித்தேன். ஆமாம், அசுத்த ஆவியை. சுற்றிலும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

தாய் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தார்கள். "கைய எடுங்க பாஸ்டர்! பிள்ளைக்கு லோ ஆயிட்டு, பசிக்கி அவளுக்கு!" என்று கத்தினார்கள். என் கையைத் தட்டிவிட்டார்கள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி வாயில் வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "அம்மா, எல்லாரும் ஏன் என்னையே பாக்காங்க?" என்றாள்.

பைபிள் காலேஜில் கிரேக்க எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள், பிசாசு துரத்துவதைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறேன். பசித்த பிள்ளைக்கும் பிசாசு பிடித்த பிள்ளைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மாற்கு 5-ஐ எடுத்தேன். 40-ஆம் வசனத்தில் ஆண்டவர் கூட்டத்தை வெளியே அனுப்புகிறார். தகப்பனையும் தாயையும் உள்ளே வைத்துக்கொள்ளுகிறார். கடைசியில் சாப்பாடு கொடுக்கச் சொல்லுகிறார். நான் கூட்டத்தை உள்ளே சேர்த்து, தாயை வெளியே தள்ளி, சாப்பாட்டுக்குப் பதில் அதட்டினேன். ஒவ்வொன்றும் தலைகீழ்.

மறு ஞாயிறு அந்தத் தாயிடமும் பிள்ளையிடமும் சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை என்னிடம், "பாஸ்டர் அங்கிள், இயேசப்பா வந்த பிறகு ஊசி கிடையாதுல்ல?" என்று கேட்டாள். கிடையாது கண்ணு என்றேன். "அப்ப அதுவரைக்கும் போட்டுக்கிறேன்" என்றாள்.

அந்தத் தாயின் ஒரு நாளைக் கொஞ்சம் கேளுங்கள். காலையில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். எத்தனை இட்லி தின்பாள் என்று கேட்டு அதற்கேற்ற ஊசி. ஊசி போட்ட பிறகு இட்லி வேண்டாம் என்று பிள்ளை முரண்டு பிடித்தால் தாய்க்கு உயிர் போகும், ஏனென்றால் உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. தொடை, வயிறு, கை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும், ஒரே இடத்தில் போட்டால் தடித்துவிடும். பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் பயப்படுவதால் மத்தியானம் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலில் ஒரு குத்து. நாளொன்றுக்கு நாலு ஊசி என்றால் வருஷத்துக்கு 1460. மன்னாவை நினைத்துக்கொள்ளுகிறேன். ஆளுக்கு ஒரு ஓமர் அளந்து, அன்றன்றைக்குள்ளதை அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டும், நேற்று சேர்த்தது இன்றைக்கு உதவாது (யாத்திராகமம் 16). விசுவாசம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டால், மேடையில் தேடாதே, ராத்திரி மூன்று மணிக்கு அந்த வீட்டு விளக்கைப் பார் என்பேன்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. இந்தச் சகோதரன் முதல் வருஷம் ஊசியைத் தொடவே இல்லை. "எனக்கு மனசு தாங்காது பாஸ்டர்" என்பார். தாய்க்கு மாத்திரம் தாங்குமா? மாற்கு 9-ல் வியாதிப்பட்ட மகனைக் கூட்டி வந்தது தகப்பன். சிறுவயது முதலே இப்படி என்று விவரம் சொல்லத் தெரிந்திருந்தது அவனுக்கு. விசுவாசிக்கிறேன், ஆனாலும் என் அவிசுவாசத்துக்கு உதவி செய்யும் என்று அழுதானே, அந்த ஜெபம் போதும், ஆண்டவர் அதைத் தள்ளவில்லை. இப்பொழுது இவர் சாயங்கால ஊசியைத் தானே போடுகிறார். கை நடுங்குகிறதாம், போடுகிறார். மூத்த பையனையும் மறந்துவிடாதீர்கள். தங்கச்சிக்கு வியாதி வந்த நாளிலிருந்து அவனை யாரும் என்னவென்று கேட்பதில்லை.

சபையாருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பிள்ளையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று தலையைத் தடவாதீர்கள், அவளுக்குக் காது கேட்கும். "ஒரு லட்டுதானே, ஒன்னும் ஆகாது" என்று தாய்க்குத் தெரியாமல் கையில் திணிக்காதீர்கள். அதே சமயம், "உனக்குக் கேக் கிடையாது" என்று கிறிஸ்துமஸ் அன்றைக்கு மற்றப் பிள்ளைகளுக்கு முன்பாகத் துரத்தவும் வேண்டாம். அவளும் சாப்பிடலாம், எவ்வளவு, எப்போது என்று தாயிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேப்பிலைக் கசாயம், ஆவாரம்பூ, பாகற்காய்ச் சாறு என்று ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவருகிறவர்களே, உங்கள் அன்பு பெரியது, ஆனால் இவைகளில் ஒன்றும் இன்சுலினுக்குப் பதில் ஆகாது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரையையும் இதையும் குழப்பக் கூடாது.

இந்த வியாதியுள்ள பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் உபவாசத்தில் சேர்க்காதீர்கள். பிள்ளை நடுங்கினால், வேர்த்தால், வெளிறினால், திடீரென்று முரட்டுத்தனமாய் அழுதால், முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்க மீட்டர் கையில் இல்லாவிட்டாலோ, உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். இவளுக்கு டாக்டர் சொன்ன அளவு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பினால் மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரையேறும். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகிற வழியில் ஜெபியுங்கள், ஆண்டவர் ஆட்டோவிலும் கேட்பார். வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேக மூச்சு இருந்தாலும் அப்படியே. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவில்லை என்று ஊசியை நிறுத்திவிடக் கூடாது, எவ்வளவு போட வேண்டும் என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

மருந்து வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டுக் கடைகளில் 40 யூனிட் பாட்டிலும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. 40 பாட்டிலுக்கு 40 சிரிஞ்சு, சிவப்பு மூடி. 100-க்கு ஆரஞ்சு மூடி. மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகிப்போகும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் தண்ணீர் ஊற்றி ஈரமாய் வைத்த மண்பானைக்குள், நனையாதபடி டப்பாவில் போட்டு நிழலில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உறைந்துபோனால் அந்த மருந்து வீண்.

மோசேயின் கை சோர்ந்தபோது ஆரோனும் ஊரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்களே (யாத்திராகமம் 17:12), அதுபோல நம்முடைய சபையில் இரண்டு சகோதரிகள் அந்த வீட்டுக்குப் போய் ஊசி போடவும் மீட்டரில் பார்க்கவும் பழகிக்கொண்டார்கள். போன மாதம் அந்தத் தாய் தன் தம்பி கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். ராத்திரி முழுவதும் எழுந்திருக்காமல் தூங்கினேன் என்று வந்து சொன்னபோது முகமே வேறாக இருந்தது. மீட்டரில் போடுகிற ஸ்ட்ரிப் ஒவ்வொன்றுக்கும் காசு. மாதத்துக்கு எத்தனை தேவை என்று கணக்குப் பார்த்து, இரண்டாம் ஞாயிறு காணிக்கையை அதற்கென்று பிரித்து வைக்க மூப்பர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வழக்கம்போல் காலை பத்து மணிக்கு. பன்னிரண்டுக்கு முடியும், இந்தத் தடவை மெய்யாகவே முடியும். கீபோர்டு பக்கத்து மேஜையில் ஒரு நீல டப்பா இருக்கும். அதில் குளுக்கோஸ் பவுடரும், ஸ்பூனும், ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருக்கிறோம். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் திறந்து நக்கிவிடாதபடி பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.